வேர்ப் பாலத்துக்கு ஒரு நாள் நடை

நம் நாட்டின் வடகிழக்கு மூலையில் மேகாலயா மாநிலம் இருக்கிறது. மேகாலயா என்றால் மேகங்களின் வீடு. 1972ஆம் ஆண்டு ஜனவரி மாதம் இது தனி மாநிலம் ஆனது. இதன் தலைநகரம் ஷில்லாங்.

சிரபுஞ்சி என்ற பெயரைப் பலரும் கேட்டிருப்பார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைக் கேட்டால், "அதிக மழை பெய்யும் ஊர்" என்று உடனே சொல்வார்கள். அந்த ஊர் இந்த மாநிலத்தில்தான் உள்ளது. அங்கே வாழும் காசி இன மக்கள் அதைச் சோரா என்று அழைக்கிறார்கள்.

சிரபுஞ்சியில் ஆண்டுக்குச் சுமார் 11,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அந்தத் தண்ணீர் ஓடாமல் அப்படியே நின்றால் 11 மீட்டர் உயரம் நிற்கும். மூன்று மாடிக் கட்டடம் மூழ்கிவிடும்! 1860 ஆகஸ்டு முதல் 1861 ஜூலை வரை பெய்த மழை 26,461 மில்லிமீட்டர். ஓர் ஆண்டில் பெய்த மழைக்கு அது உலகச் சாதனை.

இவ்வளவு மழை எப்படி வருகிறது? வங்காள விரிகுடாவில் இருந்து ஈரக்காற்று வடக்கே வீசுகிறது. வங்காளதேசத்தின் சமவெளியைத் தாண்டி வருகிறது. அங்கே திடீரென்று ஒரு மலைச் சுவர் எதிரே நிற்கிறது. காற்று மேலே ஏறுகிறது. மேலே போனதும் குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது.

கொட்டும் மழை மலையை அறுத்துவிட்டது. சிரபுஞ்சியின் விளிம்பில் நின்று பார்த்தால், கீழே ஆழமான பள்ளத்தாக்குகள் தெரியும். பக்கங்கள் செங்குத்தாக இறங்கும். நோகலிகாய் என்ற அருவி சுமார் 340 மீட்டர் உயரத்தில் இருந்து ஒரே பாய்ச்சலாக விழுகிறது. வண்டியில் வருகிறவர்கள் பெரும்பாலும் மேலே நின்றே பார்க்கிறார்கள். படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பள்ளத்தாக்குகளுக்குள்ளும் ஊர்கள் இருக்கின்றன. அங்கே போக நடக்கத்தான் வேண்டும்.

படிகளில் இறங்குதல்

அப்படிப்பட்ட ஊர்களில் ஒன்று நோங்ரியாட். வண்டி போகும் சாலை டிர்னா என்ற ஊரோடு முடிந்துவிடும். அங்கிருந்து நோங்ரியாட் சுமார் 3 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தத் தூரத்தில் 3,000க்கும் அதிகமான படிகள் உள்ளன.

காலை ஏழு மணிக்கு இறங்கத் தொடங்குவது நல்லது. இறங்குவது எளிது என்று நினைக்கக் கூடாது. அரைமணி நேரத்தில் முழங்கால் நடுங்கத் தொடங்கும். கையில் ஒரு மூங்கில் கழி இருந்தால் பெரிய உதவி. இருபுறமும் பாக்கு மரங்கள் வானத்தைத் தொடுகிற மாதிரி நிற்கும். அவற்றின் மேல் வெற்றிலைக் கொடியும் மிளகுக் கொடியும் படர்ந்திருக்கும். பலா மரங்களும் உண்டு. பிரியாணிக்குப் போடும் பிரிஞ்சி இலை மரங்களும் இந்தப் பக்கத்து மலைகளில் வளர்கின்றன.

பள்ளத்தாக்கின் அடியில் ஆறு ஓடுகிறது. மழை இல்லாத மாதங்களில் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். வீடு அளவுக்குப் பெரிய பாறைகள் ஆற்றில் கிடக்கும். மழைக்காலத்து வெள்ளம் உருட்டிக் கொண்டுவந்த பாறைகள் அவை. ஆற்றின் மேல் இரும்புக் கம்பிப் பாலங்கள் தொங்குகின்றன. நடந்தால் ஆடும். அடுத்த கரையில் கொஞ்சம் ஏறினால் நோங்ரியாட் வந்துவிடும்.

அங்கேதான் அந்தப் பாலம் இருக்கிறது. இரும்பும் இல்லை, சிமெண்டும் இல்லை. உயிரோடு இருக்கிற மரத்தின் வேர்களால் ஆன பாலம். அதுவும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு!

பாலம் வளர்ப்பது எப்படி?

ஆலமரத்துக்கு விழுது விடுவது எல்லாருக்கும் தெரியும். ஆலமர இனத்தைச் சேர்ந்த ஒரு மரம் இந்த மலைகளில் வளர்கிறது. தடித்த, பளபளப்பான இலை. கிள்ளினால் பால் வடியும். நகரங்களில் இதை அழகுக்காகத் தொட்டியில் வைத்திருப்பார்கள். இந்த மரமும் தண்டில் இருந்து விழுது விடும். பாறை மேலேயே ஊன்றிப் பிடித்துக்கொள்ளும்.

ஓடைக் கரையில் இந்த மரத்தை நடுகிறார்கள். மரம் வளர்ந்து விழுது விடப் பல ஆண்டுகள் ஆகும். இளம் விழுதுகள் கயிறு மாதிரி வளையும். ஓடையின் குறுக்கே மூங்கில் கட்டி, அதன் மேல் விழுதுகளை இழுத்து விடுகிறார்கள். சில இடங்களில் பாக்கு மரத்தைப் பிளந்து, நடுவே குடைந்து, அந்தப் பள்ளத்துக்குள் விழுதை விடுகிறார்கள். விழுது அதற்குள்ளேயே நேராக நீண்டு அக்கரைக்குப் போகிறது. அங்கே மண்ணைத் தொட்டதும் வேர் பிடித்துவிடும்.

பிறகு ஒவ்வொரு ஆண்டும் புது விழுதுகளைப் பழைய விழுதுகளோடு பின்னுகிறார்கள். நெருக்கமாகப் பின்னிய வேர்கள் தடிக்கத் தடிக்க ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். இடைவெளிகளில் கல்லையும் மண்ணையும் போட்டு நிரப்புகிறார்கள். நடைபாதை ஆகிவிடுகிறது. கைப்பிடிக்கும் வேர்தான்.

ஒரு பாலம் ஆள் நடக்கும் அளவுக்கு வலுப்பெற 15 முதல் 30 ஆண்டுகள் ஆகும். மரத்தை நட்ட மனிதர் அதில் நடக்காமலே போகலாம். அவருடைய பேரப்பிள்ளைகள் நடப்பார்கள்.

ஏன் இவ்வளவு பொறுமை? மழைதான் காரணம். மூங்கில் பாலம் சில ஆண்டுகளில் மக்கிவிடும். வெள்ளம் வந்தால் அடித்துக்கொண்டு போய்விடும். இரும்பு அந்த ஈரத்தில் துருப்பிடிக்கும். வேர்ப் பாலம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு வலுவாகிறது. மரம் நலமாக இருக்கும் வரை பாலமும் இருக்கும். நூறு ஆண்டுகளைத் தாண்டிய பாலங்கள் பல உள்ளன. இதை அவர்களுக்கு எந்த என்ஜினியரும் சொல்லிக்கொடுக்கவில்லை. காசி மொழியை எழுதும் வழக்கம் வருவதற்கு முன்பே இந்த வேலை நடந்தது. தகப்பன் செய்ததைப் பார்த்து மகன் செய்தான்.

சுமையும் சந்தையும்

வேடிக்கை பார்க்க வருகிறவருக்கு அந்தப் படிகள் ஒரு நாள் பாடு. ஊர்க்காரர்களுக்கு அது தினப்பாடு. அரிசி, உப்பு, சிமெண்டு, தகரம் எல்லாம் முதுகில்தான் வர வேண்டும். கூம்பு வடிவ மூங்கில் கூடையை முதுகில் வைத்து, அதன் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொள்கிறார்கள். பெண்களும் அப்படித்தான் சுமக்கிறார்கள். நடக்க முடியாத நோயாளி இருந்தால் அவரையும் சுமந்துதான் மேலே கொண்டுபோக வேண்டும். இடையில் ஒரு பாலம் உடைந்தால் என்ன ஆகும்? சந்தை போச்சு. ஆஸ்பத்திரியும் போச்சு.

இந்தத் தெற்குச் சரிவு ஊர்கள் ஒரு காலத்தில் கீழே உள்ள சில்ஹெட் சமவெளியோடுதான் அதிகம் வியாபாரம் செய்தன. ஆரஞ்சு, பாக்கு, வெற்றிலை எல்லாம் கீழே போகும். அரிசியும் மீனும் மேலே வரும். 1947இல் நாடு பிரிந்தபோது சில்ஹெட் அடுத்த நாட்டுக்குப் போய்விட்டது. பழைய சந்தைகளுக்குப் போகும் வழி அடைபட்டது. பல குடும்பங்கள் மிகவும் நொடித்துப் போயின. கீழே இறங்கிய சுமை, மேலே ஏற வேண்டியதாயிற்று.

காசி மக்களிடம் வீட்டுச் சொத்து பெண்வழியில் போகிறது. கடைசி மகளுக்குத்தான் வீடு. பெற்றோரைக் கடைசிவரை பார்த்துக்கொள்வதும் அவள்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் வெற்றிலை பாக்கு கொடுப்பார்கள். அந்தப் பாக்கு பச்சையாக, காரமாக இருக்கும். பழக்கம் இல்லாதவர் போட்டால் காது சூடாகி வியர்த்துவிடும்! முன்பு வழித் தூரத்தைக்கூடப் பாக்கால் கணக்கிட்டார்கள். இரண்டு பாக்கு மெல்லும் தூரம், மூன்று பாக்கு மெல்லும் தூரம் என்பார்கள்.

கூட்டம் வந்தது

இப்போது நோங்ரியாட்டுக்கு நிறைய பேர் வருகிறார்கள். சில வீடுகளில் விருந்தினர் தங்க அறை கொடுக்கிறார்கள். சோறு சமைத்துக் கொடுத்தும் சம்பாதிக்கிறார்கள். பாக்கை மட்டுமே நம்பி இருந்த ஊருக்கு இது நல்லதுதான்.

ஆனால் வேர் என்பது உயிருள்ள பொருள். அதன் மேல் ஓயாமல் மிதித்தால் பட்டை உரியும். சிலர் வேரில் கத்தியால் பெயர் செதுக்குகிறார்கள். அந்தக் காயத்தின் வழியே அழுகல் உள்ளே போகும். தொங்குகிற இளம் விழுதைப் பிடித்து ஊஞ்சல் ஆடுகிறவர்களும் உண்டு. நாளைக்குப் பாலம் ஆக வேண்டிய விழுது அது. 2022ஆம் ஆண்டு இந்த வேர்ப் பாலங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியலில் பெயர் வந்தால் மட்டும் வேர் தடிக்காது. ஆண்டுதோறும் விழுதை இழுத்துப் பின்ன ஊரில் ஆள் இருக்க வேண்டும். இளைஞர்கள் வேலை தேடி நகரத்துக்குப் போகிற காலம் இது.

திரும்பி ஏறுதல்

நடந்து பார்க்க விரும்புகிறவர் அக்டோபர் கடைசியில் இருந்து மார்ச் வரை போகலாம். மழைக்காலத்தில் படிகளில் பாசி பிடித்து வழுக்கும். இதய நோய், மூட்டு வலி உள்ளவர்களுக்கு இந்தப் பாதை வேண்டாம். அவர்களுக்கு ஷில்லாங் போகும் வழியிலேயே உமியம் ஏரி இருக்கிறது. ஆற்றில் அணை கட்டியதால் உண்டான ஏரி. அதன் கரையில் மெதுவாக நடக்கலாம்.

குடிதண்ணீர், கொஞ்சம் வெல்லம் அல்லது பழம், ஒரு துண்டு போதும். கொண்டுபோகும் பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கீழே விட்டால், அதை முதுகில் சுமந்து மேலே கொண்டுவருவது ஊர்க்காரர்தான்.

இறங்க இரண்டு மணி நேரம் என்றால் ஏற மூன்று மணி நேரம் ஆகும். நாட்டின் கிழக்குக் கோடியில் பொழுது சீக்கிரம் சாய்கிறது. டிசம்பர் மாதத்தில் மாலை நாலரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். படிகளில் விளக்கு இருக்கும் என்று நம்பக் கூடாது. எனவே மதியம் ஒரு மணிக்கு முன்பே ஏறத் தொடங்கிவிட வேண்டும்.