ஓடும் எழுத்துகள்

சித்தூரிலும் திருப்பதியிலும் ஒட்டப்படும் விளையாட்டுப் போட்டிச் சுவரொட்டிகளில் தலைப்பு தடித்த எழுத்தில், வலப்புறம் சற்றே சாய்ந்து அமைந்திருப்பதைக் காணலாம். ஓட்டப்பந்தய வீரர் விரைந்து ஓடத் தொடங்கும்போது அவரது உடல் முன்னோக்கிச் சாய்கிறது. எழுத்தும் அவ்வாறே சாய்வதால் ஓடுவதுபோல் தோன்றுகிறது. தடிப்பு வலிமையையும் சாய்வு விரைவையும் உணர்த்துகின்றன.

சாய்வெழுத்து விளையாட்டிற்காகப் பிறந்தது அன்று. இத்தாலியின் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ் என்னும் பதிப்பாளர் 1501ஆம் ஆண்டில் வெர்ஜிலின் நூலைச் சாய்வெழுத்தில் அச்சிட்டார். அவ்வெழுத்தைச் செதுக்கியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அக்காலக் கையெழுத்தே அதற்கு முன்மாதிரி.

உரோமன் எழுத்துகளில் நேர்கோடுகள் மிகுதி. தமிழிலும் தெலுங்கிலும் வளைவுகள் மிகுதி. ஆகவே, இங்கு இரண்டு இடர்ப்பாடுகள் தோன்றுகின்றன.

முதலாவது, தடிப்பு. கோடு தடிக்கும்போது சுழிகளின் உள்வெளி அடைபடும். அப்போது மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் ஒன்றுபோல் தோன்றும், ‘பணி’ என்பதைப் ‘பனி’ எனப் படிக்க நேரும்.

இரண்டாவது, சாய்வு. கணினியில் எழுத்தை அப்படியே சாய்த்தால் மேலுள்ள புள்ளி வலப்புறம் நகரும். ‘கால்பந்து’ என்னும் சொல்லில் ‘ல்’ பெற்ற புள்ளி ‘ப’வை நெருங்கிவிடும். தெலுங்கிலோ மேலுள்ள தலைக்கட்டு வலப்புறமும் கீழுள்ள ஒத்து இடப்புறமும் விலகும். எனவே, தேர்ந்த வடிவமைப்பாளர் சுழிக்குள் கோட்டை மெலிதாக்குவார். புள்ளியை உரிய எழுத்தின்மேல் மீண்டும் அமைப்பார்.

தடித்த எழுத்துருவிற்கு மும்பையின் ஏக் டைப் நிறுவனம் உருவாக்கிய ‘பலூ’ குடும்பம் நல்ல சான்று. அதன் தமிழ் வடிவம் ‘பலூ தம்பி’. தெலுங்கு வடிவம் ‘பலூ தம்முடு’. இரண்டும் சாயாத எழுத்துகளே. எனினும், தடித்த கோடுகளுக்கு நடுவிலும் அந்தந்த மொழியின் வளைவுகள் தெளிவாக நிற்கின்றன.

திருப்பதிக்கு வரும் தமிழ்ப் பயணிகள் பலர் பேருந்தின் பலகையில் ஊர்ப்பெயரைத் தமிழில் தேடுகின்றனர். கவர்ச்சி கண்ணை ஈர்க்கும்; தெளிவே வழியைக் காட்டும். சுழியும் புள்ளியும் தமிழ் எழுத்தின் உயிர்நிலை. அவற்றைக் காத்த பின்னரே அழகு சேர்த்தல் வேண்டும்.

சொற்பொருள்

எழுத்துரு – ஒரே பாணியில் அமைந்த எழுத்துகளின் தொகுதி
முன்மாதிரி – பின்பற்றத்தக்க வடிவம்
இடர்ப்பாடு – இடையூறு

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. சாய்வெழுத்து ஓடுவதுபோல் தோன்றுவது ஏன்?
2. ‘பணி’ என்பது ‘பனி’ எனத் தோன்றுவது எப்போது?
3. எழுத்தைச் சாய்க்கும்போது புள்ளிக்கு நேரும் மாற்றம் யாது?

ஆ. பொருள் வேறுபாடு அறிந்து தொடரில் அமைக்க.
பணி – பனி. மணம் – மனம்

இ. செயல்பாடு
பள்ளி விளையாட்டு விழாவிற்கான தலைப்பைத் தமிழிலும் தெலுங்கிலும் தடித்த சாய்வெழுத்தில் எழுதுக. பத்து அடி தொலைவில் நிற்கும் நண்பரைப் படிக்கச் செய்க. மயக்கம் தரும் எழுத்துகளைத் திருத்தி மீண்டும் எழுதுக.