தஞ்சைக் கட்டாரிகள்

எழும்பூர் அரும்பொருட் காட்சிச்சாலைக்குச் செல்வோருட் பலர் அமராவதிச் சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடுகின்றனர். படைக்கலங்கள் வைத்துள்ள பகுதியில் நின்று நோக்குவோர் சிலரே. தஞ்சை அரண்மனையின் ஆயுதசாலையிலிருந்து வந்த கட்டாரிகள் அங்கே இருக்கின்றன. பழம்படைக்கலம் சேர்ப்போர்க்கு மட்டுமன்றித் தமிழ் பயில்வோர்க்கும் அவை கற்பிப்பன பல.

பிற குத்துவாள்களிற் பிடியும் அலகும் ஒரே நேராய் அமைந்திருக்கும். கட்டாரியின் அமைப்பு வேறு. இருபுறமும் இரண்டு கம்பிகள். அவற்றை இணைக்கும் குறுக்குக் கம்பியே பிடி. அதனைப் பற்றினால் அலகு முட்டிக்கு முன்னே நீண்டு நிற்கும். ஆதலின் முன்கையின் வலிமை முழுதும் நுனிக்குச் செல்லும். தஞ்சைக் கட்டாரிகள் பலவற்றில் புறங்கையைக் கவிந்து காக்கும் தகடொன்றும் உண்டு. அது படமெடுத்த நாகம்போல் வளைந்து, துளையிட்ட பூவேலையுடன் விளங்கும். கோயிற்றூண்களிற் கல்லாய்க் கண்ட யாளி இங்கே விரலளவில் எஃகிலே செதுக்கப்பட்டிருக்கின்றது.

வெள்ளி பதித்த ஆயுதங்களையே சேர்ப்போர் பெரிதும் விரும்புவர். எஃகில் நுண்ணிய கீறல்களிட்டு, அவற்றின்மேல் வெள்ளிக் கம்பியையோ பொற்கம்பியையோ தட்டிப் படியவைப்பது வடநாட்டு வேலைப்பாடு. அதன் அழகை யான் மறுக்கவில்லை. ஆயினும், பிறிதோர் உலோகத்தின் ஒளியை வேண்டாது எஃகையே அணியாக்கிய கம்மியனுக்கே என் நெஞ்சம் முதலிடம் தருகின்றது.

இக்கட்டாரிகளுட் பலவற்றின் அலகு நம் நாட்டதன்று என்பது வியப்பிற்குரியது. ஐரோப்பிய வாள்களின் அலகைக் குறுக்கித் தமிழ்நாட்டுப் பிடியில் ஆணியறைந்து பொருத்தினர். ‘அந்திரேயா பெராரா’ என்னும் மேனாட்டுப் பெயர் பொறித்த அலகுகளும் உள. அத்தகைய மேனாட்டு அலகுகளைப் ‘பிரங்கி’ என்பர். நம் பரங்கிமலையின் பெயரிலுள்ள சொல்லும் அதுவே. மயிலைச் சாந்தோமில் 16ஆம் நூற்றாண்டிலேயே போர்த்துக்கீசர் குடியேறியதை அறிந்த நமக்கு இவ்வுறவு புதிதன்று.

பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. அபுல் பசல் தம் அயினி அக்பரியில் இப்படைக்கலத்தை ‘சம்தார்’ என்று குறித்தார். ‘கட்டார்’ என்பது பின்னர் ஆங்கில நூலாரால் நிலைபெற்ற வழக்கு. தமிழிலோ கட்டாரி என்பது குத்துவாளின் பொதுப்பெயராகவே வழங்கிற்று. ஆகையால் பழம்பாடலொன்றில் இச்சொல்லைக் கண்டவுடன் எழும்பூர்க் கட்டாரியை நினைத்துக்கொள்வது பிழையாகலாம்.

1855இல் தஞ்சை மன்னர் ஆண்வாரிசின்றி இறந்தபின் அரசு ஆங்கிலேயர் கைப்பட்டது. ஆயுதசாலையின் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய உலோகமாய் விற்கப்பட்டது. வாள்கள் கொழுக்களாகும் நாளை ஏசாயா தீர்க்கதரிசியின் வாயிலாய் எதிர்நோக்கும் கிறிஸ்தவனாகிய யான் இதற்கு வருந்துதல் தகுமோ என்று பன்முறை எண்ணியதுண்டு. ஆனால் இங்கே உடைத்தோர் போரை ஒழித்தவரல்லர். எடைக்கு விலை கண்டவர். யான் வருந்துவது வாளுக்காகவன்று, அதைச் செய்த கைக்காக.

தப்பியவற்றுட் சில எழும்பூரை அடைந்தன. சில கடல் கடந்தன. நியூயார்க்கு மெட்ரோபாலிட்டன் காட்சிச்சாலைக்கு ஜார்ஜ் ஸ்டோன் என்பார் 1935இல் விட்டுச்சென்ற தொகுதியிலும் தஞ்சைக் கட்டாரிகள் உள. பிலிப்பைன் தீவுகளின் மோரோ மக்களுடைய வெள்ளிப்பூண் கிரிசுகளும் இவ்வாறே, 1899இற்குப்பின் அங்குப் போர்புரிந்த அமெரிக்க வீரருடன் சென்று அயலார் இல்லச் சுவர்களிற் றொங்கலாயின.

நூறாண்டு கடந்த இத்தகைய பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்வதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. எனினும் நாட்டினுள்ளேயே ஊர்ப்பெயர் தொலைதல் எளிது. விற்போன் துருவோடு பொறிப்பையும் தேய்த்துவிடுவான்; ஒன்றன் அலகை மற்றொன்றன் பிடியில் மாட்டுவான். சேர்ப்போர், பொருளை வாங்கும் அன்றே அது எவ்வூரில், யார் வீட்டிலிருந்து வந்தது எனக் கேட்டு, ஒரு சீட்டில் எழுதி, அதனுடனேயே கட்டிவைத்தல் வேண்டும், மெருகேற்றுவது பிறகாகட்டும்.