ஒளியேற்கும் நிறப்பொருள்களும் உயிர்க்கலங்களின் ஆற்றலும்

பச்சிலை ஞாயிற்றின் ஒளியை ஏற்று உணவு சமைக்கின்றது என்பதை நாம் கல்லூரியின் கீழ்வகுப்புகளிலேயே கற்றோம். அவ்வாறே, பச்சையம் போன்ற நிறப்பொருளை உட்கொண்டு வெளிச்சத்தில் நின்றால் மனிதனுடைய கலங்களும் புத்தாற்றல் பெறும் என மாற்று மருத்துவம் புகல்வோர் சிலர் இந்நாளிற் கூறுகின்றனர். இக்கூற்று எத்துணை மெய்யென ஆராய்வோம்.

இக்கூற்றுக்கு ஓரடிப்படை உண்டு. நம் கலங்களிலுள்ள இழைமணிகள் உணவையும் ஒட்சிசனையும் கொண்டு ஏ.டீ.பீ. என்னும் ஆற்றற்பொருளை ஆக்குகின்றன. 2014 இல் வெளிவந்த ஓராய்வில், பச்சையத்திலிருந்து பிறக்கும் பொருளொன்றைச் சேர்த்துச் செவ்வொளி பாய்ச்சியபோது, சுண்டெலியின் இழைமணிகள் மிகுதியாக ஏ.டீ.பீ. ஆக்கின. இது வியப்புக்குரியதே.

ஆயினும் நாணயத்திற்கு மறுபக்கமும் உண்டு. ஒளியேற்ற நிறப்பொருள் தன் ஆற்றலை அருகிலுள்ள ஒட்சிசனுக்கு ஈயவுங் கூடும். அங்ஙனம் கிளர்ந்த ஒட்சிசன் கலத்தைச் சிதைக்கும். ஜேர்மனியின் மியூனிக் நகரில் ஆய்வு செய்த ஒஸ்கார் ராப் என்னும் மாணவர், அக்கிரிடீன் சாயமிட்ட நீரிலே பரமேசியங்கள் இருளில் உயிர்வாழ்வதையும் வெளிச்சத்தில் மடிவதையும் கண்டு 1900 இல் வெளியிட்டார். 1912 இல் மேயர்-பெற்ஸ் என்னும் ஜேர்மன் மருத்துவர், குருதியின் செந்நிறப்பொருளிலிருந்து பெறப்படும் இமற்றோபோபிரின் 200 மில்லிகிராமைத் தம் உடலிலேயே செலுத்தினார். வெய்யில் பட்ட முகமும் கைகளும் கடுமையாக வீங்கின. ஒளியைத் தாங்கவியலாத அந்நிலை வாரக்கணக்கில் நீடித்தது.

இக்கேடே பின்னர் மருந்தாயிற்று. புற்றுநோய்க் கலங்களில் நிறப்பொருளைச் சேரவிட்டு, அவ்விடத்தில் மட்டும் ஒளி பாய்ச்சி, அவற்றை அழிக்கும் சிகிச்சை 1993 இற் கனடாவில் அங்கீகாரம் பெற்றது. ஒளியும் நிறப்பொருளும் சேர்ந்த மருத்துவத்தில் இன்று உறுதிபெற்று நிற்பது கலத்தை அழிக்கும் இம்முறையேயன்றி, அதனை வலுப்படுத்தும் முறையன்று.

மேலும், குடுவையிலுள்ள இழைமணிமீது ஒளி நேரே விழும்; மனித உடலிலோ செவ்வொளியுங்கூடத் தோலினூடே செல்லுந்தோறும் விரைவில் வலிகுன்றும். எனவே சுண்டெலியின் இழைமணி காட்டிய விளைவை மனிதனுக்கு உரித்தாக்குதல் அவசரமாகும். நிறப்பொருள் எது, அளவு எவ்வளவு, ஒளி எங்கே படுகின்றது என்னும் மூன்றுமே நன்மை தீமைகளை வரையறுப்பன. இம்மூன்றையும் வினவாது ஆற்றல் நாடி இத்தகைய பொருள்களை உட்கொள்ளுதல் அறிவுடைமையாகாது. வியப்பதோடு அமையாது அளந்தறிவதே விஞ்ஞானம் நமக்குக் கற்பித்த பாடமாகும்.