உடலுக்கும் நம் மீது உரிமை உண்டு

பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்றிருந்த இளம் தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம், உடலுக்கும் உம் மீது உரிமை உண்டு என நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது. வணக்கத்திற்கே அளவு என்றால், பிரியாணிக்குச் சொல்லவா வேண்டும்?

மலைக்கோட்டை அடிவாரத்தில், பெரிய கடைவீதியில், நாள் முழுதும் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறோம். உடம்பில் வலி இல்லை. அதனால் நோயும் இல்லை என்று நினைக்கிறோம். ரத்தக் கொதிப்பு வலிக்காது. அளந்தால்தான் தெரியும். தொடர்ந்து 140/90-ஐத் தாண்டினால் மருத்துவரைப் பாருங்கள். 30 வயதைத் தொட்டவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கொதிப்பும் சர்க்கரையும் இலவசமாகப் பார்க்கிறார்கள். பெண்களுக்கு மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் உண்டு. ‘எனக்கென்ன’ என்று தள்ளிப்போடுவார்கள். நீங்களே அழைத்துச் செல்லுங்கள். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது.

தம்பிகளே, புகையிலையை இன்றே விடுங்கள். பெரியவர்களே, ஒளூ செய்யுமிடத்தின் ஈரத் தரையில் நிதானமாக நடங்கள். இன்சுலின் ஊசி போடுபவர்கள் ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே, நோன்பு வைக்கலாமா, மருந்தின் அளவு என்ன என்று மருத்துவரிடம் கேளுங்கள். புத்தூர் அரசு மருத்துவமனையிலும் கேட்கலாம்.