முக்காலே மூணு வீசம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., கணிதம்)

காலம் மாறும்போது காசு மாறுகிறது. எடையும் அளவும் மாறுகின்றன. ஆனால் பேச்சு அவ்வளவு விரைவில் மாறிவிடுவதில்லை. என் அப்பத்தா இன்றும் ஐம்பது பைசாவை ‘எட்டணா’ என்றுதான் சொல்லுவார்.

சென்ற பருவத் தேர்வுக்கு முன் நண்பர்கள் இருவர் எங்கள் வீட்டிற்குப் படிக்க வந்திருந்தனர். அப்பத்தா அவர்களிடம், “என்னய்யா, பாடமெல்லாம் முக்காலே மூணு வீசம் முடிஞ்சிருச்சா?” என்று கேட்டார். அவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்பத்தா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் முதல் பருவக் கட்டணத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தவர், கைநாட்டு வைக்கும் அந்த அப்பத்தாதான்.

இந்தப் பருவத்தில் இரும எண்முறைப் பாடம் நடந்தது. அதில் புள்ளிக்கு அடுத்த முதல் இடம் அரை, இரண்டாவது கால், மூன்றாவது அரைக்கால், அதாவது 1/8, நான்காவது 1/16. இந்த 1/16-க்குத்தான் தமிழில் ‘வீசம்’ என்று பெயர். ‘மாகாணி’ என்பதும் அதுவே. மா என்பது 1/20. காணி என்பது 1/80. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 1/16 வரும்.

முக்கால் என்பது இரும முறையில் 0.11, மூன்று வீசம் 0.0011. கூட்டினால் 0.1111, அதாவது 15/16. முழுமைக்கு ஒரே ஒரு வீசம் குறைவு! ‘ஏறக்குறைய முழுவதும்’ என்பதை இதைவிடத் திட்டமாக எப்படிச் சொல்வது? நாங்கள் சிரித்த சொல்லைத்தான் கரும்பலகையில் பாடமாகப் படித்தோம்.

ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்தில் ஓரணா என்பது ரூபாயில் ஒரு வீசம். 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய் நூறு நயாபைசாவானது. ஓரணாவுக்கு ஆறேகால் பைசா, இரண்டணாவுக்குப் பன்னிரண்டரை. இவை புதுக் கணக்கில் முழு எண்ணாக அமையவில்லை. நாலணா 25, எட்டணா 50 எனச் சரியாகப் பொருந்தின. அவை பேச்சில் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். 25 பைசா நாணயம் 2011-இல் செல்லாததாகிவிட்டது. ‘நாலணா’ என்ற சொல்லோ எங்கள் வீட்டில் இன்னும் செல்லுகிறது.

அன்று மாலையே அப்பத்தாவிடம் போய், “சிரிச்சது தப்பு அப்பத்தா, வீசம்னா என்னன்னு சொல்லிக்கொடு” என்றேன். என் நோட்டிலிருந்து ஒரு தாளை வாங்கினார். பாதி பாதியாக நான்கு முறை மடித்துப் பிரித்தார். பதினாறு கட்டங்கள்! “இதுல ஒண்ணுதான்யா வீசம்” என்றார். அளவுகோல் இல்லை, எழுத்து இல்லை. மடிக்கத் தெரிந்தால் போதும். பத்துச் சம பங்கு வேண்டுமென்றால் இப்படிப் பாதி பாதியாக மடித்துப் பெற முடியாது.

நண்பர்களே! பெரியவர்களின் பேச்சைப் பழமை என்று ஒதுக்குமுன், அதன் பொருளை அவர்களிடமே ஒருமுறை கேளுங்கள். படி, மரக்கால், வீசை, நாழிகை என்று அவர்கள் வாயில் வரும் ஒவ்வொரு சொல்லும் ஒரு வாய்பாடு. சொல்லித்தர அவர்கள் இருக்கும்போதே நாம் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நான் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கிவிட்டேன்.