புத்தகம் கயிறு பிடிக்காது

சிலிண்டர் இல்லாமல், ஒரே மூச்சில் கடலுக்குள் இறங்கி ஏறும் ஃப்ரீடைவிங்குக்கு நல்ல கையேடுகள் கிடைக்கின்றன. படித்த கையோடு குளத்தில் குதிப்பவர்கள் கூடவே கொண்டுபோகும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: முங்கும் முன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் ஆக்சிஜன் கூடுதலாகச் சேரும்.

உண்மை: சேராது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 95 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜனால் நிரம்பித்தான் இருக்கிறது; மேற்கொண்டு ஏற்ற இடமில்லை. வேக மூச்சில் வெளியேறுவது கரியமில வாயு. 'மூச்சு விடு, மூச்சு விடு' என்று மூளையை நச்சரிப்பது பெரும்பாலும் அந்த வாயுவின் பெருக்கம்தான். அதைக் கழித்துவிட்டு இறங்கினால் திணறல் தெரியாது, சுகமாகக்கூட இருக்கும். அதற்குள் ஆக்சிஜன் தன்பாட்டுக்குத் தீர்ந்து, எச்சரிக்கையே இல்லாமல் நினைவு தப்பிவிடும். பழைய நூல்கள் சில இந்த வேக மூச்சைப் பயிற்சியாகவே சொல்லிக்கொடுத்தன. பழைய புத்தகக் கடையில் வாங்குகிறவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன் பதிப்பாண்டைப் பார்க்கட்டும்.

நம்பிக்கை: மயக்கம் ஆழத்தில்தான் வரும், மேலே வந்துவிட்டால் பிழைத்தோம்.

உண்மை: பெரும்பாலும் வருவது மேலேறும்போது கடைசி 10 மீட்டரில், அல்லது தலை வெளியே வந்த பிறகு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல் இரு மடங்கு. நுரையீரலில் மிஞ்சிய கொஞ்ச ஆக்சிஜனும் அந்த அழுத்தத்தில்தான் ரத்தத்துக்குள் போய்க்கொண்டிருக்கும். மேலே வர வர அழுத்தம் பாதியாகிறது, வரத்தும் படுத்துவிடுகிறது. ஆகவே முங்கியவர் வெளியே வந்து மூச்சு வாங்கிய பிறகும் அரை நிமிடமாவது அவரைவிட்டுக் கண்ணெடுக்கக் கூடாது. இடுப்பளவுக் குளத்திலும் மூச்சடக்கி மயங்கி இறந்தவர்கள் உண்டு.

நம்பிக்கை: தண்ணீரில் இறங்காமல் புத்தகத்தில் என்ன கற்க முடியும்?

உண்மை: நிறைய. காதடைப்பை நீக்கும் ஃப்ரென்சல் முறையையே எடுத்துக்கொள்ளுங்கள்: மூக்கைப் பொத்தி, தொண்டையை அடைத்து, நாக்கின் பின்பகுதியால் காற்றைத் தள்ளுவது. இதை வீட்டில் கண்ணாடி முன் பழகலாம். வயிற்றை முக்கி ஊதும் வால்சால்வா முறை தலைகீழாக இறங்கும்போது சீக்கிரமே கைவிட்டுவிடும். இத்தாலியர்கள் உம்பெர்த்தோ பெலிசாரியும் ஸ்தெஃபானோ தோவாலியேரியும் எழுதிய கையேடு இதற்கெல்லாம் நல்ல துணை. மூச்சடக்கும் நேரத்தை மாற்றாமல் இடையோய்வை மட்டும் குறைத்துக்கொண்டே போகும் அட்டவணைப் பயிற்சியும் தரையில் செய்யக்கூடியதே. படுக்கையில் செய்யுங்கள், தண்ணீரில் தனியாக வேண்டவே வேண்டாம்.

நம்பிக்கை: தேர்ந்தவருக்குத் துணை வேண்டியதில்லை.

உண்மை: உலக சாதனைகள் பல படைத்த ரஷ்யாவின் நத்தாலியா மொல்சானொவா 2015இல் ஸ்பெயினின் ஃபொர்மென்தேரா தீவருகே முங்கியவர் திரும்பவில்லை. தூத்துக்குடி முத்துக்குளிப்பில் பரம்பரையாக முங்கியவரும், கல்லில் கால்வைத்து இறங்குமுன் தோணியில் ஒருவரைக் கயிறு பிடிக்க வைத்துத்தான் இறங்கினார்.

மயங்கியவரின் முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, முகமூடியைக் கழற்றி, கன்னத்தில் தட்டி, கண்ணருகே ஊதி, பெயர் சொல்லி மூச்சு விடச் சொல்லும் முதலுதவி கையேடுகளில் இருக்கிறது. அதை நீங்கள் மட்டும் படித்திருந்தால் போதாது. மயங்கப்போவது நீங்களாகவும் இருக்கலாம். கூட வருபவரிடம் அந்தப் பக்கத்தைக் கொடுத்து, ஆழமில்லாத இடத்தில் ஒரு பயிற்றுநர் முன்னால் இருவரும் மாறி மாறிச் செய்து பாருங்கள்.