மூடிய லோடு வண்டிக்கு எந்தத் தரை போடலாம்?



குழுவாகச் சேர்ந்து கடன் வாங்கி, பெட்டி போல மூடிய சின்ன லோடு வண்டி எடுப்பது இப்போது பல ஊர்களில் நடக்கிறது. இட்லி மாவு, மசாலாப் பொடி, மதியச் சாப்பாடு, கருவாடு என்று ஆளுக்கொரு தொழில். வண்டி எடுக்கும்போது விலை, மைலேஜ், இன்சூரன்ஸ் எல்லாம் நாலு பேரிடம் விசாரிக்கிறோம். உள்ளே தரைக்கு என்ன போடுவது என்பதை மட்டும் பாடி கட்டும் பட்டறைக்காரர் முடிவுக்கே விட்டுவிடுகிறோம். அவர், "எதுக்கும்மா வீண் செலவு? சாதா ப்ளைவுட்ட அடிச்சு மேல ஒரு மேட்டை ஒட்டிடலாம்" என்பார். அந்தத் தரையில் தினமும் ஏறி இறங்கி, கேன் தூக்கி, கழுவி விடப்போவது நாம்தான். அதனால் நாமே தெரிந்துகொண்டு போவது நல்லது.

முதலில் தரை எப்படிக் கெட்டுப் போகிறது என்று பார்ப்போம். மேலே தேய்ந்து கெடுவது குறைவு. பெரும்பாலும் அடியில் தண்ணீர் போய்த்தான் கெடுகிறது. ஓரத்து இடுக்கு, ஸ்க்ரூ போட்ட ஓட்டை, ரெண்டு பலகை சேரும் இடம், இந்த மூன்று வழியாகத்தான் தண்ணீர் இறங்கும். மூடிய வண்டி என்பதால் உள்ளே காற்றோட்டம் கிடையாது, ஈரம் சீக்கிரம் காயாது. கீழே இருக்கும் இரும்புத் தகடு சத்தமில்லாமல் துருப்பிடிக்கும். மேலே பார்த்தால் எல்லாம் பளபளவென்று இருக்கும்.

வீட்டுக்குப் போடும் மெல்லிய பிளாஸ்டிக் மேட் இதற்கு ஆகாது. வெயிலில் நிறுத்திய பெட்டி வண்டி உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கும். அந்தச் சூட்டில் பசை இளகி மேட்டின் ஓரம் சுருண்டு கிளம்பும். கேஸ் சிலிண்டரை ஒரு தரம் இழுத்தால் கிழிந்தும் விடும். கிளம்பிய ஓரத்தில் கால் தடுக்கி, கையில் கொதிக்கும் சாம்பார் பாத்திரத்தோடு விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது செக்கர் பிளேட், அதாவது மேடு மேடாகக் கோடு போட்ட தகடு. இரும்பிலும் கிடைக்கும், அலுமினியத்திலும் கிடைக்கும். 7 அடிக்கு 5 அடி தரைக்கு 3 மில்லிமீட்டர் இரும்பு போட்டால் 75 கிலோவுக்கு மேல் எடை வரும். அதே கனத்தில் அலுமினியம் ஏறக்குறைய 30 கிலோதான். மீதி 45 கிலோ என்பது ஒரு மூட்டைச் சரக்கு! அது ஒவ்வொரு நடையிலும் நம் பாரத்தில் கழியும், டீசலும் கேட்கும். அலுமினியம் என்று சொல்லி ஜிங்க் பூசிய இரும்பைத் தருகிறார்களா என்று பார்க்க, சின்னக் காந்தம் ஒன்று கையோடு கொண்டு போங்கள். ஒட்டினால் அலுமினியம் இல்லை.

காய்கறி, அரிசி மூட்டை, கேன் ஏற்றுகிறவர்களுக்கு அலுமினிய செக்கர் பிளேட் நல்ல தேர்வு. மாவு வியாபாரத்துக்கு நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். அந்தக் கோடுகளுக்கு நடுவே சிந்திய மாவு துணியால் துடைத்தால் வராது, பிரஷ் போட்டுத் தேய்க்கணும். புளித்த மாவும் உப்புத் தண்ணீரும் அலுமினியத்தை அரிக்கவும் செய்யும். மீன், கருவாடு ஏற்றுகிற வண்டிக்கு ஃபைபர் பூச்சுத் தரைதான் சரி. சுவரோடு சேர்த்து இடுக்கில்லாமல் பூசி, மேலே கொஞ்சம் மணல் தூவிச் சொரசொரப்பாக்கி, பின் கதவுப் பக்கம் தண்ணீர் வடிய ஓட்டையும் அதற்கு மூடியும் வைக்கச் சொல்லுங்கள். வழவழப்பான ஸ்டீல் தகட்டைத் தரைக்குப் போடவே வேண்டாம், ஈரத்தில் வழுக்கும்.

சாப்பாடு, மாவு, பலகாரம் என்று தொழில் செய்யும் குழுக்களுக்கு நமக்குப் பிடித்தது பஸ்களில் போடுகிறார்களே, சொரசொரப்பான வினைல், அதுதான். கால் வழுக்காது, சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவலாம். 2 மீட்டர் அகலச் சுருளாகக் கிடைக்கும். 5 அடி அகல வண்டிக்கு நடுவில் ஒட்டுப் போடாமல் ஒரே விரிப்பாகப் போட்டு, ரெண்டு பக்கமும் சுவரில் 4 அங்குலம் ஏற்றி விடலாம். இந்த ஏற்றம் ரொம்ப முக்கியம். சுவரும் தரையும் சேரும் மூலையில் தண்ணீர் இறங்காமல் காப்பது இதுதான். பட்டறையில் "அது தேவையில்லக்கா" என்றால் கேட்காதீர்கள்.

வினைலுக்கு அடியில் ப்ளைவுட் வேண்டும். இங்கேதான் ஏமாற்று நடக்கிறது. கமர்ஷியல் என்று சொல்வது வீட்டு அலமாரிக்கு ஆகும், வண்டிக்கு ஆகாது. மரைன் ப்ளைவுட் கேளுங்கள். பலகையில் ஐ.எஸ்.ஐ முத்திரையும் 710 என்ற எண்ணும் அச்சாகி இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு வாங்கி வந்து, அடுப்பில் தண்ணீர் கொதிக்கவிட்டு நாலைந்து மணி நேரம் போட்டு வையுங்கள். மட்டமான பலகை அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். அந்தத் தரத்துக்கு வைத்திருக்கும் பரிசோதனையே 72 மணி நேரக் கொதிநீர்தான், நாலு மணி நேரம் தாங்காததை என்னவென்று சொல்வது?

பலகை 8 அடிக்கு 4 அடி அளவில்தான் வரும், ஆகவே ஒரு ஒட்டு தவிர்க்க முடியாது. அந்த ஒட்டு கீழே குறுக்குச் சட்டம் இருக்கும் இடத்தின் மேல் வரும்படி வெட்டச் சொல்லுங்கள். அறுத்த ஓரம் எல்லாவற்றிலும் பெயின்ட் ரெண்டு கை அடிக்கணும். தண்ணீரை உறிஞ்சுவது அந்த ஓரம்தான். இரும்புத் தகட்டைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்த பிறகே பலகை இறங்க வேண்டும். ஸ்க்ரூ ஓட்டைக்கு சிலிகான் பசை. இந்த நாலு வேலையும் முடியும்போது குழுவில் இரண்டு பேர் பட்டறையில் நேரில் நின்று பாருங்கள். மேலே வினைல் ஒட்டிவிட்டால் அப்புறம் எதுவும் தெரியாது.

செலவு கூடுமே என்று குழுவில் பேச்சு வரும். நியாயம்தான். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: 6,000 ரூபாய்த் தரை ஒன்றரை வருடம் தாங்குகிறது, 15,000 ரூபாய்த் தரை ஆறு வருடம் தாங்குகிறது. முதலாவது வருடத்துக்கு 4,000, இரண்டாவது 2,500. அதோடு தரை மாற்ற வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களில் வியாபாரம் இல்லை, கடன் தவணை மட்டும் நிற்காது. மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கி, பலகையின் தரம், கனம், வினைலின் கனம் எல்லாம் எழுத்தில் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தோடு வையுங்கள்.

தரை போட்ட பின், மாதக் கூட்டத்தன்று வண்டியைக் காலி செய்து ஒருவர் உள்ளே நடந்து பாருங்கள். எங்காவது காலுக்கு மெத்தென்று அமுங்கினால் அங்கே பலகை ஊறிவிட்டது என்று அர்த்தம். கதவுப் பக்க ஓரம்தான் முதலில் கிளம்பும், அங்கே ஒரு அலுமினியப் பட்டை அடித்தால் போதும். கழுவிய அன்று ராத்திரி பின் கதவைப் பூட்டி வைக்காமல், யாராவது வீட்டு வாசலில் நிறுத்தி ஒரு மணி நேரமாவது திறந்து காயவிடுங்கள்.